கை தட்டாத ஞாயிறு

பாட்டு முடிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

இவ்வளவு சனத்தையும் ஏர்னஸ்ற் கூட்டிக்கொண்டு வந்ததே கை தட்டத்தான்.

இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ பகுதியில் இருக்கும் அந்தச் சின்னக் கோப்பிக் கடையில், ஞாயிறு பின்னேரங்களில் மரியெல்லா பாடுவார். ஜாஸும் புளூஸும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு முன் மழைக்கு அங்கே ஒதுங்கியவன் ஏர்னஸ்ற். அதற்குப் பிறகு மழையில்லாத ஞாயிறுகளிலும் ஒதுங்கினான்.

அவனைப் போல இன்னும் நாலைந்து பேர் வருவார்கள். ஒருவர் மருந்துக்கடைக்காரர், இன்னொருவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. வேறு ஊரில் பிறந்திருந்தால் இந்த மனுசிக்கு உலகமே எழுந்து நின்றிருக்கும் என்பது அவர்களுடைய வழமையான பேச்சு. சொல்லைத் தாளத்துக்கு ஒரு மூச்சுப் பின்னால் விட்டுப் பிடிப்பாரே, அதைப் பற்றியே ஒரு கோப்பி ஆறும்வரை கதைப்பார்கள். அவர் வெளியிட்டது ஒரேயொரு இசைத்தட்டு. அதில் அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பதுகூட அவர்களுக்குப் பாடம்.

கடைக்காரன் பிப்போவுக்கு இதெல்லாம் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நாலு பேருக்காக மேசைகளை ஒதுக்கி இடம் விட அவனால் முடியாது. இந்த ஞாயிறு கடை நிறைய வேண்டும், கைதட்டல் தெருவுக்குக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மரியெல்லா பாடுவது இன்றோடு சரி.

ஆகவே தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஏர்னஸ்ற் ஆள் பிடித்தான்.

"பாட்டு முடிஞ்சவுடனை தட்டவேணும். விளங்குதோ?"

"தட்டுறம் அண்ணை," என்றான் சுஜீவன். "தட்டுற கைக்கு ஒரு கோப்பி கிடைக்குமோ, இல்லாட்டி வெறுங்கையோ?"

"முதல்ல தட்டு. பிறகு பாப்பம்."

இப்போது அந்தச் சுஜீவனே கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்திருந்தான்.

காரணம் முன்வரிசையில் இருந்தது. அருள்நாயகி அக்கா.

மன்னாரில் இருந்த காலத்திலும் சரி, வயதான இத்தாலியர்களைப் பராமரிக்கப் போகும் இந்தக் காலத்திலும் சரி, செத்தவீடு என்றால் ஒப்பாரியை எடுத்துக்கொடுப்பவர் அவர்தான். அவர் குரல் வைத்தால்தான் மற்றப் பெண்களுக்கு அடக்கி வைத்த அழுகை வரும். அப்படிப்பட்டவர் இப்போது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டு ஆங்கிலத்தில். ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்காது.

அருள்நாயகி அக்கா அழுதுகொண்டிருக்க எந்தத் தமிழ்ச் சனம் கை தட்டும்? அந்த அமைதியைக் கண்டு வழமையான நாலைந்து பேரும்கூடத் தூக்கிய கையைக் கீழே விட்டுவிட்டார்கள்.

ஏர்னஸ்ற் தனியே தட்டிப் பார்த்தான். ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டியது போலிருந்தது. நிறுத்திவிட்டான்.

மரியெல்லா மைக்கைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல. பிப்போ கவுண்டரில் முழங்கையை ஊன்றி ஏர்னஸ்ற்றைப் பார்த்தான். இதுதானா நீ கொண்டுவந்த கூட்டம் என்ற பார்வை.

அருள்நாயகி அக்கா எழுந்து முன்னால் நடந்தார்.

"அக்கா, எங்கை போறியள்? இது செத்தவீடில்லை. வந்து இருங்கோ," என்றான் ஏர்னஸ்ற்.

"நீ சும்மா இரடா."

ஒப்பாரி சொல்லி ஓய்ந்தவளை மற்றவர்கள் தாங்கிக்கொள்வது போல மரியெல்லாவின் தோளைச் சுற்றிக் கை போட்டார். பிறகு, வேலைக்குப் போன வீடுகளில் பொறுக்கிய இத்தாலிய மொழியில், கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"செத்தது யார், சினோரா?"

மருந்துக்கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல ஏர்னஸ்ற்றுக்கு இருந்தது. போனவன் திரும்பி வருவான் என்று கதவைப் பூட்டாமல் படுக்கும் ஒருத்தியின் பாட்டு அது. காதலன் கைவிட்ட கதை என்று அவர்கள் எல்லோரும் எப்போதோ பேசி முடித்த விசயம். எவ்வளவு அழகாகப் பாடுகிறார் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மரியெல்லா பியானோவைப் பார்த்தார்.

பதில் பியானோவிலிருந்து வந்தது. அதை வாசிக்கும் சாரோ வாய் திறந்து ஏர்னஸ்ற் கேட்டதேயில்லை. கூலிக்கு வந்து வாசித்துவிட்டுப் போகிறவர் என்றே அவரைப் பற்றி எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"எங்கள் மகன்," என்றார் சாரோ.

அருள்நாயகி அக்கா தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்து, மரியெல்லாவின் காலடியோடு போட்டு உட்கார்ந்தார்.

"பாடு பிள்ளை. நாங்கள் இருக்கிறம்."

அதைத் தமிழில்தான் சொன்னார். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

மரியெல்லா சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பியானோவின் பக்கம் திரும்பினார். அதே பாட்டை முதலிலிருந்து எடுத்தார்.

பிப்போ கவுண்டரை விட்டு வெளியே வந்தான். நேரே வாசலுக்குப் போய் மேலே சுருட்டியிருந்த இரும்புக் கதவை எட்டிப் பிடித்து இழுத்தான். அது கடகடவென்று இறங்கியது. எல்லாம் முடிந்தது என்று ஏர்னஸ்ற் கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தம் நடுவில் நின்றது.

கண்ணைத் திறந்தபோது கதவு பாதியில் இருந்தது. பலெர்மோவில் ஒரு பிரேதம் தெருவால் போகும்போது கடைக்காரர்கள் அப்படித்தான் பாதிக் கதவை இறக்கிவிட்டு நிற்பார்கள். வெளியே கோப்பி குடிக்க வந்த இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். பிப்போ அவர்களைப் போகச்சொல்லிக் கையைக் காட்டினான்.