விட்டுப்போன பேர்

"என் புள்ள பேர்ல அப்படி என்னங்க குத்தம்?"

தலைமையாசிரியர் தண்டாயுதபாணியின் மேஜைக்கு முன்னால் தோளில் போட்ட துண்டை எடுக்காமலே நின்று கேட்டார் முருகையன். அடி அண்ணாமலை கிராமத்தில் வேர்க்கடலை பயிரிடுகிறவர். சண்டைக்கு வந்தவர் இல்லை, மனசு நொந்து வந்தவர்.

"அந்தப் புது டீச்சரம்மா ஆஜர் எடுக்கறப்ப எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறாங்களாம். பசுபதின்னு இவன் பேர் வந்தா மட்டும் மூஞ்சியைப் பார்த்துட்டு, குறிச்சிட்டுப் போயிடறாங்களாம். பதினஞ்சு நாளா இதே கதை. புள்ள இனிமே பள்ளிக்கூடமே வேணாம்ங்கறான்."

அவரை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு, தலைமையாசிரியர் இரண்டு பேரைக் கூப்பிட்டனுப்பினார். ஒருத்தி கஸ்தூரி. வேலூரில் ஆசிரியர் பயிற்சி படிப்பவள். பாடம் நடத்திப் பழக ஒரு மாதம் இங்கே வந்திருக்கிறாள். இன்னொருவர் இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்த ஏழாம் வகுப்பு ஆசிரியர் சோமசேகரன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் பாடம் நடத்தும் லட்சணத்தைக் குறித்து வைப்பது அவர் வேலை.

"ஏம்மா, நிஜந்தானா?"

"நிஜந்தாங்க சார்."

"ஏன், அந்தப் பேருக்கு என்ன?"

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்தில் தாலிச்சரடு இன்னும் புதுமஞ்சளாக இருந்தது. தலைமையாசிரியருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அட, வீட்டுக்காரர் பேரா?"

அவள் மெல்லத் தலையசைத்தாள்.

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். "நல்ல கூத்து. எங்கம்மாவும் இப்படித்தான். எனக்குத் தாத்தா பேரை வச்சுட்டு, மாமனார் பேராச்சேன்னு கடைசி வரைக்கும் சொல்லலை. வீட்ல நான் மணிதான்."

"எங்க வீட்லயும் அதே கதைதாங்க சார்" என்றார் சோமசேகரன், ஜன்னலைப் பார்த்தபடி.

"வீட்டுக்காரரைப் பிரிஞ்சு எவ்வளவு நாளாச்சும்மா?"

"கல்யாணமாகி இருபதாம் நாள் ஹாஸ்டலுக்குப் போனேங்க. அவரோட பேசி ஆறு மாசமாச்சு."

"அவர் இருக்கற ஊர்லயே பயிற்சி கேட்டிருக்கலாமே?"

"உறவுன்னு தெரிஞ்சா வேற ஊருக்குப் போட்டுடுவாங்க சார்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வராந்தாவில் ஒரு தகப்பன் காத்திருக்கிறான். தலைமையாசிரியர் குரலை இறுக்கிக்கொண்டார்.

"இதோ பாரும்மா. மதியம் ஆஜர் எடுக்கறப்ப நானும் பையனோட அப்பாவும் வாசல்ல நிப்போம். பையன் பேரை வாய்விட்டுச் சொல்லணும். இல்லேன்னா நாளைக்கே போளூர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப எழுதிடுவேன்."

"வேணாங்க சார்." அவள் பதறிவிட்டாள். "இங்கேயே இருக்கேன். இன்னும் பதினஞ்சு நாளுதானே சார் இருக்கு."

பயிற்சிக்கு வந்தவர்கள் எப்போதடா முடியும் என்று நாளை எண்ணுவார்கள். இவளோ முடிந்துவிடுமே என்று எண்ணுகிறாள். விசித்திரமான பெண் என்று நினைத்துக்கொண்டார் தலைமையாசிரியர்.

மதிய மணி அடித்தது. வாசலில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். கஸ்தூரி ரிஜிஸ்டரைத் திறந்து வரிசையாகக் கூப்பிட்டாள். தருமன். சுப்பன். மூன்றாவது பெஞ்சில் முருகையன் மகன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நிறுத்தினாள். பதினைந்து நாள். தினம் ஐந்து மணி நேரம். அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமாகிக் கூட இருந்த இருபது நாளும் ஆசையாக மனசுக்குள் மட்டும் சொல்லிப் பார்த்த பேரை, முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"பசுபதி."

"பிரசன்ட் டீச்சர்!" என்று துள்ளி எழுந்தான் பையன்.

கடைசி பெஞ்சில், வீட்டில் எல்லாரும் பசுபதி என்று கூப்பிடும் சோமசேகரனும் தன்னை மறந்து எழுந்து நின்றார்.