நிலைக்காலில் ஒரு கோடு

பெரியவனுக்குத் தம்பி மேல் பொறாமை என்று தச்சர் முடிவே கட்டிவிட்டார்.

வேறென்ன நினைப்பது? மாதத்தின் முதல் ஞாயிறு, வெயில் கூடத்துக்குள் எட்டிப் பார்க்கிற நேரத்தில், பிள்ளைகள் இருவரையும் கதவு நிலைக்காலில் சாய்த்து உயரம் குறிப்பது அந்த வீட்டு வழக்கம். எட்டு வயதுப் பெரியவன் தன் கோட்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். ஐந்து வயதுத் தம்பியின் கோட்டுக்குத்தான் ஓடுவான்.

"அவன் எவ்வளவுப்பா வளர்ந்திருக்கான்?"

"முதல்ல உன்னைப் பாருடா. ஏழு மாசமா உன் கோடு இருந்த இடத்துலயே உக்காந்திருக்கு."

அதுதான் தச்சரை அரித்தது. ஏழு மாதத்தில் பெரியவன் ஒரு நூல்கூட வளரவில்லை. பாலைத் தொட்டியில் கொட்டுகிறானோ என்று சந்தேகப்பட்டு, டம்ளர் காலியாகிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். பையனும் மடக் மடக்கென்று குடித்துவிட்டு பால் மீசையோடு எழுந்து போவான்.

"பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சு. வளராமலா ஏறும்?" என்றாள் மனைவி.

"துணி சுருங்கியிருக்கும். கோடு பொய் சொல்லாது."

இருபது வருஷமாக அளவெடுக்கிற மனுஷர். ஒரு நாள் ஒரு கோடு கோணியதில்லை. அவரிடம் யார் பேசி ஜெயிப்பது? அடுத்த அளவிலும் அதே கோடு என்றால் மறுநாளே டாக்டரிடம் போவதென்று முடிவாயிற்று.

அந்த ஞாயிறும் வந்தது. உளியால் பென்சிலைச் சீவிக்கொண்டே தச்சர் நிலைக்காலைப் பார்த்தார். அடியிலிருந்து மேலே வரை கோடு கோடாக இருந்தது. தொடை உயரக் கோடு, பெரியவன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக நின்றது. அந்தப் பிள்ளை எங்கே போனான்? மாதா மாதம் யாரோ ஒரு பிள்ளை வந்து நிற்கிறான், கோடு போட்டதும் போய்விடுகிறான், அடுத்த மாதம் வேறொருவன் வருகிறான் என்று தோன்றியது. வெயிலில் மரத்தூள் மிதந்தது. அவரும் கொஞ்ச நேரம் அதோடு மிதந்தார்.

ஒரு மத்தியானம், தான் செய்த இரண்டு தட்டுக் கட்டிலில் பிள்ளைகள் இரண்டும் வாயைப் பிளந்து தூங்குவதைப் பார்த்து, "இதுங்க இப்படியே இருந்துடக் கூடாதா?" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இப்போது ஒன்று அப்படியே நின்றுவிட்டது. பெற்ற கண்ணே பட்டுவிட்டதோ?

"அப்பா, நான் முதல்ல" என்று சின்னவன் வந்து நின்றான். இரண்டு பேருக்கும் வீட்டு உடை அப்பாவின் பழைய சட்டைதான். தோள் இறங்கி, முழங்காலை மூடித் தொங்கும்.

தலையில் மூலைமட்டச் சட்டத்தைப் படிய வைத்துக் கோடு இழுத்தார். இரண்டு நூல், கால் அங்குலம், ஏறியிருந்தது.

"அண்ணன் கோட்டுக்கு வந்துட்டேனா? மேல் தட்டு எனக்கா?"

கட்டில் செய்த அன்று மேல் தட்டு வேண்டுமென்று இவன் புரண்டு அழுதான். அழுகையை நிறுத்த, "அண்ணன் கோட்டைத் தொடு, மேல் தட்டு உனக்கு" என்று தச்சர் சொல்லிவைத்திருந்தார். சொன்னதை அவர் மறந்தே போனார். பிள்ளை மறக்குமா?

"கிட்ட வந்துட்டடா" என்றான் பெரியவன், அப்பாவுக்கு முன்னால்.

சின்னவன் அம்மாவிடம் சொல்ல அடுப்படிக்கு ஓடினான்.

"இப்ப நீ வா" என்றார் தச்சர். பெரியவன் வந்து முதுகை ஒட்டி நின்றான். மூலைமட்டம் பழைய கோட்டிலேயே வந்து உட்கார்ந்தது. கோடு இழுக்கப் போன பென்சில் கை நழுவி, பையனின் காலடிக்கு உருண்டது.

எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தொளதொள சட்டைக்குள்ளே முழங்கால் இரண்டும் மடங்கியிருந்தன. மடங்கி, வலியில் நடுங்கிக்கொண்டிருந்தன.

ஏழு மாதமாக அவர் தலையைத்தான் பார்த்தார். காலைப் பார்க்கவே இல்லை.

"என்னடா இது?"

பையன் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்கப்பா."

"ஏன்டா இப்படி?"

"என் கோட்டைத் தொட்டாதான் மேல் தட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. நானும் வளர்ந்துட்டே போனா அவன் எப்பப்பா தொடறது? அதான், அவன் வர்ற வரைக்கும் நிக்கலாம்னு."

பொறாமை என்று நினைத்ததை எங்கே கொண்டுபோய் ஒளிப்பதென்று தச்சருக்குத் தெரியவில்லை. உளியை எடுத்தார். பழைய கோட்டின் மேலேயே ஆழமாகக் கீறினார்.

"இதுதான் மேல் தட்டுக் கோடு. தம்பி இதைத் தொட்டா போதும். இது இனிமே நகராது." மூலைமட்டத்தை மறுபடி கையில் எடுத்தார். "நீ நிமிர்ந்து நில்லுடா, கண்ணா."

பையன் நிமிர்ந்தான். மூலைமட்டம் ஒன்றரை அங்குலம் மேலே போனது.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக, தச்சர் இழுத்த கோடு கோணலாக விழுந்தது.