மௌன வாசகர்களுக்கு ஒரு கண்டனம்

மானுட சேவைக்கு எல்லைகள் இல்லை.

இப்படித் தொடங்கியவர், அடுத்த வரியிலேயே, 'ஒரு பின்னூட்டம் போட உங்களுக்குக் கை வராதா?' என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி ஆறிப்போயிருந்தது. அவர் ஆறவில்லை.

மலாவியில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் தொண்டு செய்துவிட்டுத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. அதைப் பற்றி வலைப்பதிவில் நான்கு பதிவுகள். குழந்தைகளோடு ஒரு படம். கிணற்றோடு ஒரு படம். சூரியனோடு மூன்று.

நான்காவது பதிவின் முடிவில் அழைப்பு விடுத்திருந்தார். தொண்டு நிறுவனம் இன்னும் ஆட்களைத் தேடுகிறது. முக்கியமாக நர்ஸ். கடைசித் தேதி பதினைந்து. எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்பவர்களுக்கு மட்டும் சொல்வேன். வாருங்கள், விவாதிப்போம்.

படித்தவர்கள் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்.

பின்னூட்டம் பூஜ்யம்.

இன்று தேதி பத்தொன்பது.

விசைப்பலகையை அடிப்பதுபோல் தட்டினார். 'திருடர்கள் மாதிரி வருகிறீர்கள், படிக்கிறீர்கள், போகிறீர்கள். நடிகருக்கு மூக்கில் கொப்புளம் என்றால் முந்நூறு பேர் கத்துவீர்கள். ஆப்பிரிக்காவில் ஒரு தாய்க்குப் பிரசவம் பார்க்க ஆள் இல்லை என்றால் மட்டும் வாயில் என்ன, கொழுக்கட்டையா?'

'தமிழ்ச் சமூகம்' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். முன்னால் 'செத்துப்போன' என்று சேர்த்தார்.

வெளியிட்டார்.

எதிரே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி வசுமதி, கைபேசியில் அதைப் படித்தாள். முடிக்கும்வரை கீரையைத் தொடவில்லை.

"இப்படி ஏன் ஊரையே திட்டுறீங்க? யாருமே பேசலையே, பாவமா இருக்கேன்னு நானே ரெண்டு பின்னூட்டம் போட்டேன். துபாய் வாசகன்னு பேர் வச்சு. அதையே காணோம்."

அவர் நிமிர்ந்தார்.

"எப்போ போட்ட?"

"போன மாசம். சூப்பர் சார்னு போட்டேன். உங்களைப் போய் சார்னு எழுத எனக்கே சிரிப்பு."

அவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு கவிதை ஞாபகம் வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே வலைப்பதிவில் அவர் எழுதியது. பெயர் சொல்லாத அனானி ஒருவன் அதன் கீழே, 'இதுக்கு மருந்து இருக்கு அண்ணே' என்று எழுதிவிட்டுப் போனான். அன்று கோபத்தில் மட்டுறுத்தல் போட்டார். அவர் படித்து அனுமதித்தால்தான் எவர் பின்னூட்டமும் வெளியே தெரியும். மின்னஞ்சலில் வரும் அறிவிப்பையும் அன்றே நிறுத்தினார்.

பிறகு மறந்துவிட்டார்.

இப்போது திறந்தார்.

அனுமதிக்குக் காத்திருப்பவை: நாற்பத்தொன்று.

துபாய் வாசகன், இரண்டு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் நான்கு பத்திக்கு விவாதித்திருந்தார், விவாதிக்கச் சொன்னதால்.

அதற்கு மேலே ஒரு பெயர். ஜெபசீலி, சாயர்புரம்.

எட்டாம் தேதி: 'சார், பதினாலு வருஷமா பிரசவ வார்டுல நர்ஸா இருக்கேன். வீட்ல சம்மதிச்சுட்டாங்க. யாருக்கு அனுப்பணும்?'

பதினொன்று: 'சார், கேட்டிருந்தேன். பாஸ்போர்ட் ரெடியா இருக்கு.'

பதினான்கு: 'சார், நாளைக்குக் கடைசி. மெயில் முகவரி மட்டும் குடுத்தாப் போதும்.'

இன்று, கண்டனத்துக்குக் கீழே, நான்கு நிமிடங்களுக்கு முன்: 'நான் கேட்டேனே சார்.'

வசுமதி எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். விரலில் ஒரு கீரைத் தண்டு இருந்தது.

அவர் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரை அழைத்தார். மிகவும் பணிவாகப் பேசினார். அந்தப் பக்கம் அவரைவிடப் பணிவாகப் பேசினார்கள். நர்ஸ் யாரும் விண்ணப்பிக்கவில்லையாம். இடத்தைச் சும்மா விட வேண்டாம் என்று, வலைப்பதிவர்கள் இருவரை எடுத்துவிட்டார்களாம். நேற்றே டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

"உங்கள் பதிவுகளைப் பார்த்துத்தான் சார் அந்த யோசனையே வந்தது" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

கைபேசியை வைத்தார்.

"அந்த ஊர்ல நர்ஸே கிடையாதா?" என்றாள் வசுமதி.

"ஒருத்தி இருக்கா."

"ஒருத்தியா? அத்தனை பேருக்கும்?"



அவர் அங்கே தங்கியது பதினோரு நாள். அதில் எட்டு நாள் அவருக்கு வயிற்றுப்போக்கு. அந்த எட்டு நாளும் அந்த ஒருத்தி அவர் பக்கத்தில்தான் இருந்தாள்.