எட்டாம் நாள் கொப்பளம்

பினாங்குக்குக் கப்பலேற வேண்டிய வரதன் வேப்பிலைப் படுக்கையில் மல்லாந்து கிடந்தான்.

தலைவலி இல்லை, லேசாய் அடித்த காய்ச்சலும் விட்டுவிட்டது. இடது கையில் ஒரே ஒரு கொப்பளம், அவ்வளவுதான்.

அதுவும் வீட்டில் சொல்லாமல் அவனே போய்க் குத்திக்கொண்டு வந்தது. மூன்று மாத விசாவில் மலேசியாவுக்குள் கால் வைக்க, அம்மை குத்திய சான்று வேண்டுமாம். குத்தி எட்டாம் நாள் கொப்பளத்தை டாக்டரிடம் காட்டினால்தான் மஞ்சள் புத்தகத்தில் கையெழுத்து விழும்.

இன்றைக்கு எட்டாம் நாள். பன்னிரண்டு மணிக்கு மேல் டாக்டர் இருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை கப்பல்.

அவன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு காலையில் கொப்பளத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசலில் வேப்பிலையைச் செருகினாள்.

“ஆத்தா வந்துகீறா. மூணு தண்ணி தலைக்கு ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது. நீ சொன்னதுதான்யா.”

சொன்ன வாய் அவனுடையதேதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அம்மை குத்த வந்தவர்களை ஓட ஓட விரட்டிய சூரன் என்று பேரெடுத்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜீப் வந்தபோது மகளை வைக்கோல்போரில் ஒளித்துவைத்துவிட்டு, ஆத்தாளுக்கே ஊசியா என்று தெருவைக் கூட்டிப் பேசினான். பெரியபாளையத்து ஆத்தா கோயிலுக்கு வேறு நடந்தே போய்வந்தான்.

அந்த மகராசன்தான் போன வாரம் பல்லை இளித்துக்கொண்டு கையை நீட்டினான்.

வேலை பார்க்கிற இரும்புக் கம்பெனியில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. கோடாலித் தைலம், டார்ச்லைட்டு என்று ஆளாளுக்குக் கேட்டதற்கெல்லாம் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டியும் ஆயிற்று. அதுகூடப் போகட்டும். தூக்கி வளர்த்த அண்ணன் பினாங்கிலிருந்து கடுதாசி போட்டுக் கூப்பிட்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம்.

மணி பத்தரை. ஆத்தா மன்னிப்பாள் என்று எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தேடினான்.

மகள் கஞ்சி டம்ளரை நீட்டினாள். நீட்டிய கையில் சட்டை மேலேறியது. தோளுக்குக் கீழே வட்டமாய் ஒரு தழும்பு.

சுடு கஞ்சி தெறித்தது என்று சின்னப்பொண்ணு சொல்லி, இவனும் நம்பிய தழும்பு. அவன் கொப்பளம் இருக்கிற அதே இடத்தில் இருந்தது.

அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பிள்ளையைக் கூட்டிப்போய்க் குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். ஆத்தா போட்டது எது, ஊசி போட்டது எது என்று இவளுக்கா தெரியாது!

அடிப்பாவி! ஊரெல்லாம் மார்தட்டினானே, சொந்த வீட்டில் மூன்று வருஷமாய் முட்டாளாக இருந்திருக்கிறான். கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து அண்ணி மணியம்மாள் வந்தாள். மடி நிறையப் புது வேப்பிலை. அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்து கால்மாட்டில் பரப்பினாள். நெற்றியில் என்றைக்கும்போல் பெரிய குங்குமம்.

அவளிடமும் அண்ணன் மூன்று மாதம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

வாசற்படியை அடைத்துக்கொண்டு சின்னப்பொண்ணு நின்றாள். அவள் பார்வை அண்ணியின் குங்குமத்தில் இருந்தது.

வரதன் மறுபடியும் படுத்துக்கொண்டான்.

“மொதத் தண்ணி எப்போ ஊத்துவே?” என்றான்.