கதவைத் தட்டும் பாடம்

"போ, வெளியே போ. முதல்லேர்ந்து கதவைத் தட்டு!"

ஒட்டடைக்குச்சி தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனான். உயரத்துக்கு வைத்த பட்டப்பெயர் அது. இந்தப் பாடத்தில் மட்டும் அவன் மகா மக்கு.

அவனை விரட்டியவளைப் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே ஓர் அறையை வீடு மாதிரி ஜோடித்து வைத்திருந்தார்கள். புதிதாக வேலைக்கு எடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி, 'உங்கள் பிள்ளை இறந்துவிட்டார்' என்று அவளிடம் சொல்லிப் பழக வேண்டும். அவள் மயங்கி விழுவாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள், சில நாள் சிரிக்கக்கூடச் செய்வாள். இறந்தவரின் பெயரை மட்டும் அன்றன்றைக்கு ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள்.

எட்டு வருஷமாக இந்த வேலை. புருஷன் போன செய்தியை எவனோ போனில் ரெண்டே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டான். அந்த வயிற்றெரிச்சல்தான் அவளை இங்கே கொண்டு வந்தது. அதோடு, வீட்டில்தான் யார் இருக்கிறார்கள்? ஒரே மகள். அவளும் இங்கேயே பயிற்சி முடித்து, எங்கோ மலைமேல் ஒரு ஸ்டேஷனில் கிடக்கிறாள். டம்ளரைக் கீழே வைத்தால் அந்தச் சத்தம் மட்டுமே கேட்கிற வீடு. அதற்கு, ஊரார் பிள்ளைகளுக்காகப் பொய்யாய் அழுவது எவ்வளவோ மேல்.

கதவு தட்டப்பட்டது.

"அம்மா... உங்ககிட்ட ஒரு சின்ன விஷயம்..."

"சின்ன விஷயமா? நல்லா இருக்குடா நியாயம்! வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் மென்னு முழுங்குறியே. அதான் திரும்பவும் படிச்சுட்டு வான்னு அனுப்பிட்டாங்களா?"

அப்படித் திரும்பி வருகிறவர்கள் உண்டு. ஒட்டடைக்குச்சி தரையைப் பார்த்தான்.

"முதல்ல அவங்களை உட்கார வை. நீயும் உட்காரு. 'போயிட்டாங்க'ன்னு சொல்லாதே. எங்கே போயிட்டாங்கன்னு கேப்பாங்க பெத்தவங்க. இறந்துட்டாங்கன்னே சொல்லு. பேரைச் சொல்லு. பேரைச் சொல்லலேன்னா, அது வேற யாரோ, நம்ம பிள்ளை இல்லைன்னு மனசு கிடந்து அடிச்சுக்கும்."

"என்னால முடியலம்மா."

"முடியலைன்னா எப்படி? நீ தடுமாறுற ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பொம்பளை செத்துச் செத்துப் பிழைப்பாடா. கண்ணு கலங்கினா கலங்கட்டும், தப்பில்லை. சொல்லு கண்ணா."

அவன் அவளை சோபாவில் உட்கார வைத்தான். எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அது பாடத்தில் இல்லை. ஆனாலும் அவளுக்கு மனசு நிறைந்தது. பயல் ஒருவழியாகத் தேறிவிட்டான்!

ஒட்டடைக்குச்சி சொன்னான். இந்தத் தடவை திக்கவில்லை. பெயரைச் சொன்னான். காலையில் மண் சரிந்து ஜீப் பள்ளத்தில் விழுந்ததைச் சொன்னான். இறந்துட்டாங்க என்றான்.

"எல்லாம் சரி, கோட்டை விட்டுட்டியே! பேரை மாத்திட்டே. அது என் பொண்ணு பேருடா" என்று சிரித்துக்கொண்டே சீட்டை நீட்டினாள் அம்மா.

அவன் அதை வாங்கவில்லை.

"நான் பயிற்சிக்கு வரலம்மா."