மின்விசிறியை நிறுத்திய அறை

கூத்தாநல்லூருக்கு அருகே, எங்கள் சுகாதார நிலையத்தில் நாங்கள் மூவரும் ஒரு டேப்லெட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். திரையில் இருப்பவள் பயிற்சிக்காக உருவாக்கப்பட்ட தாய். பிரசவத்துக்குப் பின் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான் பரிசோதனை முடிவை டேப்லெட்டுக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; டாக்டர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் சிகிச்சை தொடங்கும். வெளியே அறுவடை இயந்திரம் இரைகிறது. நான் சொல்கிறேன். திரையில் ‘கேட்கவில்லை’ என்று வருகிறது. அவளுடைய ரத்த அழுத்தம் இறங்குகிறது. “ஏம்மா பூமிகா, ரத்தத்துக்கிட்டயே ரகசியமா சொல்லிட்டியா? எங்ககிட்டயும் சொல்லேன்,” என்கிறார் நர்ஸ் மலர்கொடி அக்கா. என் காது சுடுகிறது. டாக்டர் பர்வின் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார், மின்விசிறியை நிறுத்துகிறார். “நாளைக்கு நெஜமாவே ஒருத்தங்க வந்தா, நீங்க சொல்றத வச்சுத்தான் நான் முடிவெடுக்கணும். பதறாம சொல்லுங்க.” அவர்கள் இருவர் நெற்றியிலும் வியர்வை மினுங்குகிறது. யாரும் துடைக்கவில்லை. “ஹீமோகுளோபின் ஆறு, டாக்டர்.” என் குரல் சுவரில் பட்டுத் திரும்புவது எனக்கே கேட்கிறது. “ஹீமோகுளோபின் ஆறு. அக்கா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் தயாரா வைக்கச் சொல்லுங்க,” என்கிறார் டாக்டர். திரையில் பச்சை விளக்கு எரிகிறது; சிகிச்சை தொடங்கிவிட்டது. இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் இன்னும் குரல் எழவில்லை.