இசைத்தட்டின் மேல் ஒரு கட்டைவிரல்

இரண்டாந்தாரமாக வந்த நாளிலிருந்தே ஒரு தையல்காரிக்கு வயிற்றெரிச்சல் உண்டு, கண்ணுகளா. இசைத்தட்டை அவள் எடுத்தாலே போதும், “ஓரத்தைப் பிடி, நடுவுல கை வைக்காதே” என்பார் வீட்டுக்காரர். ஆனால் செத்துப்போன மூத்தவளின் கட்டைவிரல் தடம் ஒரு தட்டின் மேல் அப்படியே இருந்தது. அதை மட்டும் அவர் துடைத்ததே இல்லை.

தட்டுகளைக் கழுவ ஒரு மிஷின் வாங்கினார். தண்ணீர்த் தொட்டிக்குள் தட்டு மெதுவாகச் சுற்றும். காதுக்குப் பிடிபடாத ஒலியில் அழுக்கு தானாகக் கழன்றுவிடும். மோட்டார் மட்டும் முனகும்.

அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் அந்தத் தட்டை மிஷினில் போட்டாள். தடம் போய்விட்டது. காயவைத்துவிட்டுத் திரும்பினால், அதே இடத்தில் அந்தத் தடம் ஈரமாக இருந்தது. மறுபடி கழுவினாள். மறுபடியும் வந்தது.

“சரி, நீங்களும் இருந்துட்டுப் போங்கக்கா. நானும் இருக்கேன்ல” என்று பக்கத்திலேயே தன் கட்டைவிரலை அழுத்திவைத்தாள்.

மதியம் அவர் வந்ததும் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. உள்ளறையில் மோட்டார் முனகியது. அவள் எழுந்துபோய்ப் பார்த்தாள். அந்தத் தட்டுதான் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய தடம் போயிருந்தது. மூத்தவளுடையது பளிச்சென்று இருந்தது.

திரும்பி வந்து, “மிஷினை நிறுத்திடட்டுங்களா?” என்று கேட்டாள்.

“இரு, அவ முடிச்சுக்கட்டும்” என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.